விமானப் படத்தில் விழாத சந்து

துரை என்பது அவனுக்கு நாங்கள் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தன் நாற்காலி ஆடுகிறதென்று பக்கத்து மேசைக்காரனின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆடுகிறதை அவன் பக்கம் தள்ளிவிட்டான். அப்படி வந்த பட்டம். அதில் இருக்கும் கேலி முப்பத்தெட்டு வருடமாகியும் அவனுக்கு உறைக்கவில்லை. மரியாதை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். போனை எடுத்தால் "துரை பேசறேன்" என்கிறான்.

நாங்கள் மூவரும் வேலை பார்த்தது வரைபட அலுவலகத்தில். முதல் மாடியில் நீளமான அறை, சாய்வு மேசைகள், மை உறிஞ்சிய விரல்கள், தப்பைச் சுரண்ட ஆளுக்கொரு பிளேடு. அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. ஊரில் நடப்பவன் வரைய மாட்டான். வரைபவன் ஊரில் நடக்க மாட்டான். சர்வேயர் தெருத்தெருவாக அளந்து ஃபீல்டு புக்கில் குறித்துக்கொண்டு வருவார். அந்தக் குறிப்பைப் பார்த்து ஒருவன் படம் வரைவான். தலைமை வரைவாளர் அதை விமானத்திலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிடுவார். சரிபார்ப்பவன் திரும்ப ஒருமுறை ஃபீல்டு புக்கோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவான். தலைமை வரைவாளன் துரை. சரிபார்ப்பவன் நான்.

துரை எப்படித் தலைமைக்கு வந்தான் என்று கேட்காதீர்கள். கோடு இழுத்தால் கை நடுங்கும். ஆனால் மேலதிகாரி வரும்போது நடுங்கும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தவன் மேசைமேல் குனிந்து "ம்... பரவாயில்ல" என்று சொல்லத் தெரியும். அந்த ஒரு "ம்" போதும், வேலையே அவனுடையதென்று பார்ப்பவர் நம்பிவிடுவார். சரியாகப் போனால் "நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." தப்பாகப் போனால் "நான் அப்பவே சொன்னேன்." இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டே ஓய்வுபெறும் வரை ஓட்டிவிட்டான்.

மூன்றாமவன் புள்ளி. படத்தில் மரம், கிணறு எல்லாம் புள்ளி புள்ளியாக வைப்போம். அவன் வைத்தால் ஆயிரம் புள்ளியும் ஒரே அளவில் இருக்கும். அந்த அறையில் உண்மையாக வரையத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் கதியைச் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பழைய கோட்டை ஊருக்குச் சுற்றுலா வரைபடம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. புள்ளி வரைந்தான். கயிற்றுக் கடைத் தெருவையும் நடுச் சதுக்கத்தையும் இணைத்து ஒரு சின்னச் சந்து போட்டிருந்தான். துரை விமானப் படத்தை வைத்துப் பார்த்தான். அங்கே வெறும் கூரைகள். உடனே எழுதிவிட்டான்: "இல்லாத சந்தைக் கற்பனையாக வரைந்துள்ளார்." ஃபீல்டு புக்கில் இருக்கிறது என்று புள்ளி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். சரிபார்த்தவன் குறிப்பும் "இல்லை" என்றே இருந்தது. அதோடு முடிந்தது. அவனை வரைவுப் பிரிவிலிருந்து தூக்கி, கீழ்த்தளத்தில் படங்களைச் சுருட்டி உறையில் போட்டு முகவரி ஒட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். தன் சந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அச்சான அதே வரைபடத்தை அவன் ஓய்வுபெறும் வரை, இருபது வருடத்துக்கு மேல் சுருட்டினான். அவன் மச்சான்கள் வேறு சும்மா இருப்பார்களா? வீட்டில் யார் கதை விட்டாலும் "இது நம்ம மாப்பிள்ளை போட்ட சந்து மாதிரி" என்பார்கள். கடைசியில் அவன் பெண்டாட்டியும் அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

துரைக்கோ அந்த வரைபடம்தான் வாழ்நாள் பெருமை. குடியிருப்பு சங்கக் கூட்டத்தில் அந்த ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் அளந்து விட்டிருக்கிறான். ஒரு தடவைகூட அந்த மண்ணை மிதித்ததில்லை. போன மாதம் எனக்கும் புள்ளிக்கும் போன் செய்தான்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள். பழைய சிநேகிதங்க சேந்து போவோம். கைடெல்லாம் வேண்டாம், நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாள் காலை புள்ளி என் வீட்டுக்கே வந்துவிட்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நான் வரேன். அந்தச் சந்து இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துரணும்."

"இத்தனை வருஷத்துல நீயே போய்ப் பாத்திருக்கலாமேடா?"

"ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன். வேற ஏதோ பக்கத்தைப் பாத்து வரைஞ்சிருப்பேனோன்னு எனக்கே இப்ப சந்தேகம். அங்க அது இல்லேன்னா, இருக்குன்னு வீட்டுல பொய் சொல்லிருவேனோன்னு பயம். நீங்க ரெண்டு பேரும் கூட இருந்தா பொய் சொல்ல முடியாதுல்ல?"

தன்னைக் கீழே தள்ளியவனையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிற பயந்தாங்கொள்ளி. அவன்மேலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ரயிலில் ஏறியதும் ஜன்னலோரம் துரைக்கு. வருகிற ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும், பெயர்ப்பலகை எதிரிலேயே இருந்தாலும், எங்களுக்கு அறிவித்துக்கொண்டு வந்தான். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். மூட்டுவலி பாவம், பையைத் தூக்கியதும் அவள்தான். கண்ணாடிக் காகித உறை போட்ட பழைய வரைபடத்தைத் தூக்கியவன் துரை.

விடுதியில் கிழக்குப் பார்த்த அறை கேட்டான். விடுதிக்காரம்மா சாவியைக் கொடுத்து, ஜன்னல் முற்றத்தைப் பார்த்திருக்கும் என்றார்.

"இந்தக் கட்டடம் கிழக்குப் பாத்ததும்மா. படம் போட்டது நான்."

"கட்டடம் பாக்குதுங்க. உங்க ரூம் பாக்கல."

ஊர் அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. தேய்ந்து பளபளத்த கல் பாவிய தெருக்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் மாடி வீடுகள், மணி தப்பாகக் காட்டும் கோபுரம். ஆனால் நிம்மதியாகப் பார்க்க விட்டால்தானே! கோட்டை வாசலில் ஒரு கைடு தன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். துரை மூக்கை நுழைத்துத் திருத்தினான். அவர் "அப்படிங்களா சார்" என்று சொல்லிக் கூட்டத்தைக் கோட்டையின் மறுகோடிக்கு நடத்திப் போய்விட்டார். இன்னொரு இடத்தில் வரைபடப்படி நேராகப் போக வேண்டிய தெரு ஒரு சுவரில் முட்டி நின்றது.

"சுவரைத் தப்பா கட்டியிருக்கானுங்க" என்றான் துரை.

சுவரில் கட்டிய வருடம் செதுக்கியிருந்தது. எங்கள் அலுவலகம் பிறப்பதற்கு இருநூறு வருடம் முந்தையது.

மாலையில் விடுதி முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது புள்ளி மெதுவாக ஆரம்பித்தான்.

"நாளைக்குக் கயித்துக் கடைத் தெரு போவோமா? அந்தச் சந்து..."

"எந்தச் சந்து?" என்றான் துரை.

நடிப்பில்லை. உண்மையாகவே மறந்திருந்தான். ஒருவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தது, தும்மியது மாதிரி அவன் நினைவிலிருந்து போயிருந்தது. நான் எடுத்துச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"ஓ, அதுவா! நல்ல கூத்துடா அது. போவோம், போவோம். இல்லாததைப் பாக்க எவ்வளவு நேரம் ஆவப் போவுது?"

புள்ளியும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கூசியது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கயிற்றுக் கடைத் தெருவில் நின்றோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீடுகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சந்தும் இல்லை, சந்து இருந்த தடமும் இல்லை. புள்ளி ஒவ்வொரு சுவராகத் தொட்டுக்கொண்டே போய் வந்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பாத்தாச்சா? சதுக்கத்துக்குப் போலாமா? சுத்திக்கிட்டு இருபது நிமிஷம் நடக்கணும்" என்றான் துரை.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. சிநேகிதன் கண்முன்னால் நொறுங்கிக்கொண்டிருக்க, நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. ஏன் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

துரையின் மனைவிக்கு இருபது நிமிடம் நடக்கத் தெம்பில்லை. பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். துரை வரைபடத்தைப் பிரித்துத் திசை விளக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எதிர்ல அந்தப் பச்சைக் கதவு வீட்டுல எத்தனை பேருண்ணே குடியிருக்காங்க?"

"ஏம்மா?"

"நானும் பத்து நிமிஷமா பாக்கறேன். ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பொம்பளைங்க கூடையோட வந்தாங்க, ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிட்டு வந்தாரு. இப்ப ஒரு ஆள் சோபாவையே தூக்கிட்டு உள்ள போறான் பாருங்க. அது வீடா, வழியா?"

புள்ளிதான் முதலில் ஓடினான். அறுபத்திரண்டு வயதில் அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கதவு என்றைக்கோ திறந்து, சுவரோடு சாய்ந்து, மூடவே முடியாதபடி இறுகிப் போயிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அதுவும் இன்னொரு வீட்டு வாசல்தான்; அதற்குப் பின்னால் சந்து. தலைக்கு மேல் இரண்டு பக்கத்து வீடுகளும் கை கோத்து, மாடி அறைகள் சந்தின் மேலேயே உட்கார்ந்திருந்தன. தாழ்ந்த உத்திரங்கள், வரிசையாக மின் மீட்டர்கள், சாய்த்து வைத்த சைக்கிள்கள், குளிர்ச்சி. அந்தக் கோடியில் வெளிச்சமாகச் சதுக்கம். புள்ளி வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தான். நாங்கள் பின்னால் போனோம்.

"நாப்பத்தாறு எட்டு வச்சேன்" என்றான் மறுகோடியில் நின்று. "நூத்திப் பதினாலு அடி. புக்குல அதேதான் இருந்துச்சு. மேல வீடு, கீழ வழின்னு சர்வேயர் ஓரத்துல எழுதியிருந்தாரு, இப்பத்தான் ஞாபகம் வருது."

சந்துக்குள்ளேயே தையல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வழி எவ்வளவு நாளாக இருக்கிறது என்று துரையின் மனைவி அவளைக் கேட்டாள்.

"எங்க மாமனாரோட தாத்தா வீடு கட்டும்போதே வழி விட்டுத்தாங்க கட்டினாராம். மழையில நனையாம சதுக்கத்துக்குப் போவணும்னா ஊரே இப்படித்தான் போவும்."

இப்போதாவது துரை முகம் தொங்கும், ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? மேல கூரை! மேலேருந்து எடுத்தா சந்து எப்படி விழும்? படத்துல கூரைதான் இருந்துச்சு, நான் கூரைன்னுதான் சொன்னேன். ஆக, நம்ம தப்பு ஒண்ணும் இல்ல." உத்திரத்தின் கீழ் போய் நின்றுகொண்டான். "டேய் புள்ளி, இங்க நான் நிக்கற மாதிரி ஒரு போட்டோ எடு."

இவனை இன்று நாலு வார்த்தை கேட்டே தீர வேண்டும், புள்ளிக்கு வாயில்லையென்றால் நான் கேட்கிறேன் என்று வாயைத் திறந்தேன். ஆனால் புள்ளி அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் வந்தான்.

"அவன் ஃபீல்டு புக்கைப் பாக்கலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அவன் எதைத்தான் பாத்தான்? ஆனா நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன். நீயே இல்லேன்னு எழுதிட்டியே, அதனாலதான் எனக்கு எம்மேலயே நம்பிக்கை போச்சு. இருபத்தாறு வருஷம்." மூச்சு வாங்கினான். "சொல்லு. புக்கைத் தொறந்து பாத்தியா?"

அன்று அந்த ஃபீல்டு புக் இரண்டாம் மாடி ஆவண அறையில் இருந்தது. பதினெட்டுப் படி ஏற வேண்டும். மணி ஐந்தேகால் ஆகியிருந்தது. தலைமை வரைவாளர் இல்லை என்று எழுதிய இடத்தில் நானும் இல்லை என்று எழுதிவிட்டு இறங்கினேன். துரைக்குப் பயந்தல்ல, அவன் தயவு வேண்டியும் அல்ல. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

"பாக்கல" என்றேன். "அஞ்சரை பஸ்ஸை விட்டுட்டா அடுத்தது ஆறரைக்குத்தான்."

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் துரையிடம் போனான். துரையின் போனை வாங்கி, அவன் சொன்ன இடத்திலேயே அவனை நிற்க வைத்து, இரண்டு போட்டோ எடுத்தான். எடுத்து முடித்ததும் அவன் தோளில் கை போட்டான்.

"வா துரை, சதுக்கத்துல டீ குடிக்கலாம். தங்கச்சி, நீயும் வாம்மா."

மூன்று பேரும் வெளிச்சத்துக்குள் போனார்கள். துரையின் மனைவி மட்டும் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். அவளும் "வாங்கண்ணே" என்று சொல்லவில்லை.