கிழித்துப் போட்ட கைநாட்டு

புதுச்சேரியில், பாகூர்ப் பக்கம் கம்யூன் ஆபீசை எல்லோரும் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். அது பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர்; அவன் போயும் அந்தப் பெயர் போகவில்லை. அறுபதுகளின் கடைசியில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஆட்சி மாறும்போதெல்லாம், வந்தவர்கள் ஏழை பக்கமா பண்ணை பக்கமா என்று டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். எனக்கென்று ஓர் அளவுகோல் இருந்தது: மனைப்பட்டா விண்ணப்பப் படிவம். புதுசு வரும்போதெல்லாம் பழையதில் ஒன்றைப் பீரோவில் போட்டு வைப்பேன். மேடையில் எதையும் பேசலாம். படிவத்தில் யார் கையெழுத்தைக் கேட்கிறார்களோ, அவர்கள் பக்கம்தான் அரசாங்கம்.

முதல் படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் விண்ணப்பதாரர். வலது பக்கம் நில உரிமையாளர் சம்மதம். செலியமேட்டிலிருந்து நடவு வேலை செய்யும் ஓர் அம்மா வந்தாள். மாமியார் காலத்திலிருந்தே பண்ணையார் நிலத்தோரம் குடிசை. இப்போது அவர் காலி செய்யச் சொல்கிறார். பட்டா கிடைத்தால்தான் கூரை நிலைக்கும்.

எல்லாம் எழுதி முடித்து மை டப்பாவை நகர்த்தினேன். அவள் வலது கட்டத்தில் பெருவிரலை அழுத்திவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது இடத்துக்காரர் கையெழுத்துப் போடுகிற கட்டம் என்றேன்.

"அந்த எடத்துல நான்தான கீறேன்?" என்றாள்.

படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, வேறொன்று எழுதி இடது கட்டத்தில் விரலை வைக்கச் சொன்னேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று என் காதுபடவே முனகினாள். பண்ணையார் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த படிவத்தில் 'சம்மதம்' போய் 'ஆட்சேபம் இருந்தால்' என்று வந்தது. அவருக்கு ஆட்சேபம் இருந்தது. இவளும் குடிசையை விட்டு அசையவில்லை. எழுபதுகளின் நடுவில் வந்த படிவத்தில் ஒரே கட்டம்தான், வலது பக்கம்: 'குடியிருப்பவர்'. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அன்றைக்குப் போல நான் சந்தோஷப்பட்டதில்லை.

ஆளனுப்பி அவளை மேரிக்கு வரவழைத்தேன். நானே டப்பாவைத் திறந்து கட்டத்தைக் காட்டினேன். விரலை மையில் தொட்டவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார், அன்னிக்கி நான் வெச்ச எடந்தான இது? நீதான கிழிச்சிப் போட்ட?"

எனக்கு வெட்கமாக இருந்தது. படிவம் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.