குளத்துக்காக ஒரு மன்றாட்டு

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மன்றாட்டு எழுதுகிறவள் நான். பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் சொன்ன பிறகு, இளைஞர் குழுவில் இருந்து ஒரு பிள்ளை மைக் முன்னால் வந்து நான்கைந்து வேண்டுதல்களை வாசிக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும். அந்த வேண்டுதல்களை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் நடத்திக்கொண்டிருந்தபோது அன்றைய பங்குச் சாமியார் என் தலையில் கட்டியது. அவருக்குப் பிறகு எத்தனையோ சாமியார்கள் வந்து மாற்றலாகிப் போய்விட்டார்கள். நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். வேலை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

பார்க்கச் சின்ன வேலை, ஆனால் வம்பு பிடித்தது. முதல் மன்றாட்டு திருச்சபைக்காக. அதில் யாருக்கும் தகராறு கிடையாது. இரண்டாவது நாட்டை ஆள்பவர்களுக்காக. அங்கேதான் தொடங்கும். 'ஆள்பவர்கள் ஏழைகளை மறவாதிருக்க' என்று எழுதினால் ஆளும் கட்சிக்காரர் ஒருவர் பூசை முடிந்ததும் வாசலில் மறித்து, "டீச்சர், எங்காளுகளக் குத்திக் காட்டிட்டீகளே" என்பார். அதே வாக்கியத்துக்காக எதிர்க்கட்சிக்காரர் எனக்கு ஒரு வணக்கம் வைப்பார். ஆட்சி மாறினால் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்வார்கள். நான் வாக்கியத்தை மாற்றுவதில்லை.

ஒரு தேர்தல் சமயத்தில், 'நல்லவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஞானத்தை எங்களுக்குத் தாரும்' என்று எழுதினேன். சாமியார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலையே?" என்று கவலைப்பட்டார்.

"நல்லவங்கன்னுதான் சாமி போட்டிருக்கேன். நம்ம வார்டுல நிக்கிற யாரும் தன்னையச் சொன்னதா எடுத்துக்க மாட்டாங்க" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பூசை உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறைக்குள் போய்விட்டார்.

இந்தக் கதையை எல்லாம் உடனே போய்ச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இருந்தார். என் அண்ணன். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணன் டிப்பர் லாரி வைத்திருந்தார். ஜல்லி, கிராவல், இடித்த வீட்டின் செங்கல் மண் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு அவர் வண்டிகள் திண்டுக்கல் முழுக்க ஓடும். கட்சியிலும் இருந்தார். கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற அளவுக்கு நெருக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவார். எங்கள் கோயிலில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். அவர் தூணை ஒட்டி நிற்பார். அவருக்கு மைக் தேவையில்லாத குரல். வாசிக்கிற பிள்ளை கடைசிச் சொல்லை முடிப்பதற்குள் அவருடைய "ஆண்டவரே" வந்து விழுந்துவிடும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள்.

பூசை முடிந்ததும் கறிக்கடைக்குப் போய் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து வாங்கி வருவார். கறிப்பையை நீட்டும்போதே விமர்சனமும் வரும். "ஏத்தா, இன்னைக்கு மன்றாட்டு ரொம்ப நீளம். ஆண்டவருக்கும் வயசாகுதுல்ல" என்பார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே இதுதான். கறி கொதிக்கிற வரைக்கும் அண்ணன் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார். எலும்பை உறிஞ்சிக்கொண்டே நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளாத விஷயம் கிடையாது. எல்லாம் கை கழுவுவதற்குள் தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு சண்டை தீரவில்லை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. பெரிய குளம் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், நீர்க்காகங்கள் வரும். பேகம்பூரில் இருந்து ஒரு பாய் சைக்கிளில் வந்து தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் எங்கள் தெருவில் யார் வீட்டு போர் குழாயும் வற்றிப்போய்க் காற்றை ஊதியதில்லை. அந்தக் குளத்து ஓரத்தில் திடீரென்று மண் விழ ஆரம்பித்தது. கடைகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. பட்டப்பகலிலேயே டிப்பர்கள் பின்பக்கமாக வந்து நின்று, தூக்கிக் கொட்டிவிட்டுப் போயின. வண்டிகளைப் பார்த்தேன். எல்லாம் அண்ணனுடையவை.

அந்த ஞாயிறே கேட்டேன். "அண்ணே, அது நம்ம கொளம். வேணாம்ணே."

"நான் கொட்டலன்னா வேற எவனாச்சும் கொட்டத்தான் போறான். ஒனக்கு ஒன்னும் தெரியாது, நீ பேசாம இரு" என்றார். எழுந்து கை கழுவினார்.

நான் பேசாமல் இருந்து பழக்கப்பட்டவள் இல்லை. அடுத்த மாதம் சுற்றுச்சூழல் ஞாயிறு வந்தது. அன்றைக்குத் தெருவாரிக் குழுவான அன்பியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரக்கன்று கொடுப்பார்கள். அது பிளாஸ்டிக் பையிலேயே வாடி, அடுத்த ஞாயிறு யாருடைய வீட்டுச் சுவரிலாவது சாய்ந்து கிடக்கும். இயற்கைக்காக ஒரு மன்றாட்டு சேர்த்து எழுதும்படி சாமியார் சொன்னார். பூமித்தாய், பசுமை, படைப்பின் எழில் என்று எதையாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அந்த வார்த்தைகளே அலுத்திருந்தன. 'எங்கள் குளங்களில் மண்ணைக் கொட்டுகிறவர்களின் மனதை மாற்றியருள வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கோயில் வாசலில் நின்றாலே குளம் தெரியும்.

ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. அண்ணன் மன்றாட்டுகளைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறவர் இல்லை. வாசிக்கிற குரல் இறங்குகிற இடம் அவருக்குத் தெரியும். அந்த இடம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அன்றைக்கும் அப்படித்தான் திறந்தது. பிள்ளை வாசித்து முடிப்பதற்குள், எல்லாருக்கும் முந்தி, கோயில் அதிர, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அண்ணன் சொன்னார்.

மற்றவர்கள் சொல்லவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அப்போதுதான் அண்ணனுக்கு விளங்கியிருக்க வேண்டும். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பூசை முடிகிற வரைக்கும் நின்றார். கறிப்பை அன்றைக்கு வரவில்லை. டீக்கடையில் யாரோ, "அண்ணாச்சி, ஒங்க மன்றாட்ட ஆண்டவரு கேட்டுட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதையும் எனக்கு ஒருவர் வேலை மெனக்கெட்டு வந்து சொன்னார்.

நான் எழுதியது சரிதான். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையே எழுதுவேன். சொன்னது ஆண்டவரிடம், கோபம் வந்தது அண்ணனுக்கு என்று கொஞ்ச நாள் வீறாப்பாகப் பேசிக்கொண்டும் திரிந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீறாப்பு நிற்கவில்லை.

அதற்குள் அண்ணன் வண்டிகளை மகன் கையில் கொடுத்துவிட்டு, குஜிலியம்பாறைப் பக்கம் மதினியின் ஊருக்குப் போய்விட்டார். அங்கே மதினிக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. போன் செய்தால் மதினிதான் எடுப்பார். "அவுக தோட்டத்துல இருக்காகத்தா, வந்ததும் சொல்றேன்" என்பார். காலையில் செய்தாலும் தோட்டம், மழை பெய்யும்போது செய்தாலும் தோட்டம். பிறகு நான் மதினியைச் சங்கடப்படுத்துவதை விட்டுவிட்டேன்.

குளம் பாதியோடு தப்பியது. மன்றாட்டினால்தான் என்று எங்கள் மரியாயின் சேனை செபக்குழுப் பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். தேர்தல் முடிந்து கவுன்சிலர் மாறிப்போனதால் வேலை நின்றது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. மண் விழுந்த பாதியில் செல்போன் கடையும் பரோட்டாக் கடையும் வந்து, எல்லாக் கட்சிக் கொடிகளும் ஏறிவிட்டன. எங்கள் தெருவில் கோடைக்கு லாரித் தண்ணீர் வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்கும்போது எனக்கு அண்ணன் மேல் கோபம் வரும். நிறைந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு அடுப்படி வாசலைப் பார்த்தால் போதும், கோபம் போன இடம் தெரியாது. எனக்குக் குளமும் வேண்டும், அண்ணனும் வேண்டும். இரண்டையும் கேட்டது பேராசையா என்று எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை.

கோயிலில்தான் தாங்க முடியவில்லை. நான் இன்னும் எழுதுகிறேன், பிள்ளைகள் இன்னும் வாசிக்கிறார்கள். ஆனால் பதிலை யார் தொடங்குவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கமாக இழுக்கிறார்கள். அந்தச் சின்ன இடைவெளியில் நான் ஒவ்வொரு வாரமும் தூணைப் பார்ப்பேன். அங்கே வேறு யாரோ நிற்பார்கள். அண்ணன் போன ஊரில் அந்தக் குரலை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு, எழுதிய தாளை, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டு, குஜிலியம்பாறை பஸ் ஏறினேன். அண்ணனிடம் பேச வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. அவர் முகம் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. பின்னால் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். மழை பெய்தும் அந்தப் பக்கத்தில் தரை அவ்வளவாக நனைந்திருக்கவில்லை. சோளம் முழங்கால் உயரத்தில் நின்றது. முருங்கைத் தோட்டங்களும் வேலிக்கருவையும் மாறி மாறி வந்தன. அண்ணன் இந்தக் காய்ந்த காட்டில் எதைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார் என்று யோசித்தேன்.

அந்த ஊர்க் கோயில் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். நான் போகும்போது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் கடைசியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் ஆண்கள் பக்கத்தில் நடுவில் இருந்தார். சட்டை தொளதொளவென்று கிடந்தது. பிடரி முழுக்க நரைத்திருந்தது. எல்லாரும் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்லி முடித்து, மன்றாட்டு தொடங்கியதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

ஒரு பெண் திருச்சபைக்காக வாசித்தாள். பதில் வந்தது. அண்ணன் குரல் அதில் இல்லை. வயதாகிவிட்டது, மெதுவாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆள்பவர்களுக்காக வாசித்தாள். அதிலும் இல்லை. அடுத்ததாக, மானாவாரிப் பயிருக்கு மழை வேண்டும் என்று வாசித்தாள். அந்த ஊரே அடிவயிற்றில் இருந்து பதில் சொன்னது. நான் தலையைச் சாய்த்து அண்ணனைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. கை கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அவர் அப்படி நிற்பது அவர்களுக்குப் பழகியிருந்தது.

எங்கள் கோயிலைத்தான் அண்ணன் விட்டுவிட்டுப் போனார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலையே அவர் விட்டுவிட்டார். அவர் தொண்டையில் இருந்ததை அன்றைக்குச் சிரித்தவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். குளத்தில் கொட்டியது தப்புத்தான், ஆனாலும் இது அதிகம் என்று எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன வாசித்தாள் என்று தெரியாது.

சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. ஒருவருக்கொருவர் கைகூப்பித் தலை வணங்குவது வழக்கம். அண்ணன் முன்னால் இருந்தவர்களுக்குக் கைகூப்பினார், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கைகூப்பினார், பின்னால் திரும்பினார். அழுகிற முகத்தை மறைக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்துவிட்டார். கூப்பிய கை அப்படியே நின்றது.

பாட்டுத் தொடங்கிவிட்டது. சாமியார் அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்து, நடுவில் இருந்த பாதையைத் தாண்டி, பெண்கள் பக்கம் வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் முன்னால் வந்து நின்றார். நான் கைகூப்பினேன்.

"கொளத்துல தண்ணி கெடக்காத்தா?" என்று கேட்டார்.

"இருக்குற பாதியில கெடக்குண்ணே" என்றேன்.

தலையை ஆட்டினார். எல்லாரும் முழந்தாளிடுகிற நேரம் அது. அண்ணன் தன் இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பெண்கள் பக்கத்திலேயே, என் தோளை ஒட்டி முழந்தாளிட்டார்.