முள்ளெலிக் குட்டியும் பஸ்காரரின் தண்ணீர் பாட்டிலும்

முள்ளக்கா என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் அவள் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. உடன்பிறந்த நாலு பெண்களில் இவள் மூன்றாவது. மூத்தவள் தையல்காரி, அடுத்தவள் ஊரறிந்த வாயாடி, கடைக்குட்டி மாமியாரையே ஆட்டிவைக்கிறவள். இவள் மட்டும் அடிபட்ட காட்டுப் பிராணிகளைப் பராமரிக்கும் காப்பகத்தில் வேலைக்குப் போய், முள்ளெலிகளோடு மல்லுக்கட்டி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாள்.

காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து சேரும் பிராணி எதுவானாலும் அது போடும் முதல் புழுக்கையைக் குழாயில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே அதைச் சோதிக்கிறவன் அவளுடைய கொழுந்தனேதான்.

"எல்லா அண்ணியும் கொழுந்தனுக்குப் பலகாரம் குடுத்து விடுவாங்க. நம்ம அண்ணி குடுத்து விடுறதைப் பாருங்க!"

"மூடித்தானே தம்பி அனுப்புறேன், ஆறிடக் கூடாதுன்னு!"

புழுக்கையில் தேடுவது வயிற்றைக் கெடுக்கும் கிருமியை என்று அவன்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னான். "சால்மொனெல்லான்னு பேரு ஒண்ணுதான் அண்ணி. மரபணுவைப் பிரிச்சுப் பார்த்தா நம்மளை மாதிரியே எத்தனையோ வகையறா. ஒரு வகையறா சாதாரண மருந்துக்கே சுருண்டுடும். இன்னொண்ணு அதே மருந்துல குளிச்சிட்டுப் போகும்."

"மாத்திரையே பார்க்காத முள்ளெலிக்கு அது எங்கேருந்து வந்துச்சு?"

"கோழிப் பண்ணையில மருந்தைக் கொட்டுறோம். அங்கே தப்பிச்ச கிருமி சாக்கடை வழியா வாய்க்காலுக்குப் போகுது. இவங்க அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறாங்க? பத்தாததுக்கு, மருந்தைத் தாங்குற வித்தையை ஒரு கிருமி இன்னொண்ணுக்குக் கைமாத்தாவும் குடுக்கும்."

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். காப்பகத்து வாசலைத் தாண்டி ஆய்வகம் வழியாகத்தான் தினமும் போவார். குழாய்களை அடுக்கிய பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுங்களேன் என்றால், "புழுக்கைக்கெல்லாம் என் பஸ்ல சீட்டு கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். அவள் நடந்தே தூக்கிக்கொண்டு போவாள்.

ஒருநாள் கோழிப் பண்ணை வாய்க்காலிலிருந்து கண் திறக்காத முள்ளெலிக் குட்டி ஒன்று வந்தது. அடிக்கடி பால் புகட்ட வேண்டியிருந்ததால் காப்பகத்து டாக்டரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். வழக்கம்போல் குழாயும் ஆய்வகம் போனது. வீட்டில் குட்டிக்குத் தனிப் பெட்டி, தனித் துணி, கை கழுவக் கொல்லைப்புறக் குழாய். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் ஒன்றில் கோட்டை விட்டாள். குட்டியின் பால்குப்பியை அலச, அடுப்படியில் தொங்கிய நீளப் பிரஷ் அளவெடுத்த மாதிரி இருந்தது. அது வீட்டுக்காரரின் தண்ணீர் பாட்டிலுக்கென்று இருந்த பிரஷ். அந்தப் பாட்டிலை வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள், அவர் பட்டா போட்டு வைத்திருந்தது.

அவருக்கு மட்டும் வயிறு கலங்கியது, பிறகு காய்ச்சல். சர்க்கரை வியாதி உடம்பு வேறு. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்குவேனா என்றது.

"ரத்தத்துல கிருமி இருக்கும்மா. எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரிய ரெண்டு நாள் ஆகும்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கட்டிலில் கிடந்தவர் அதுவரை தாக்குப்பிடிப்பாரா என்று அவள் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கொழுந்தன் மூச்சிரைக்க வந்தான். "அண்ணி, உங்க வீட்டுக் குட்டியோட புழுக்கைக் குழாய்ல சால்மொனெல்லா இருக்கு. அதோட சாமானை எங்கே கழுவுனீங்க?"

"எல்லாம் தனித்தனியாத்தான் தம்பி..." என்றவள் பாதியில் நின்றாள். "பிரஷ்! உங்க அண்ணன் பாட்டில் பிரஷ்! ஐயோ, நானே அவருக்கு எமனாயிட்டேனா?"

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். டாக்டர்கிட்ட வந்து இதை அப்படியே சொல்லுங்க."

சொன்னாள், ஒளிக்காமல். இப்போது ஏறுகிற மருந்துக்குக் குட்டியின் கிருமி அசையவில்லை, வேறொன்றுக்குச் சாகிறது என்று கொழுந்தன் சோதனை முடிவைக் காட்டினான். முள்ளெலியாவது மண்ணாங்கட்டியாவது என்று டாக்டர் தள்ளிவிடவில்லை. நிதானமாகப் படித்து, ஆய்வகத் தலைவரிடம் போனில் பேசி, அன்றைக்கே மருந்தை மாற்றினார். மறுநாள் நெற்றி வேர்த்தது, காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிச் சோதனையும் பிறகு அதே வகையறா என்றது.

காது கொடுத்துக் கேட்ட டாக்டருக்கும், ஓடிவந்த கொழுந்தனுக்கும் அவள் கும்பிடு போட்டாள். குட்டியிடமும், "நீ நேரத்துக்குப் போனியே ராசா, நல்லா இரு," என்றாள்.

எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ என்னைப் படுக்க வெச்சது உன் குட்டிதானா?"

"குட்டி என்ன பண்ணும்? நான்தாங்க."

"எழுப்பி விட்டது?"

"அதோட புழுக்கைங்க."

"சரி, கணக்கு நேராயிடுச்சு. பிரஷ் மட்டும் வேற வாங்கிடு தாயே."

அவர் மறுபடி வேலையில் சேர்ந்த அன்று, அவள் பெட்டியோடு நடக்கப் புறப்பட்டபோது பின்னால் ஹாரன் கேட்டது. பஸ் காப்பகத்து வாசலில் நின்றிருந்தது.

"ஏறு. பெட்டியையும் ஏத்து."

கண்டக்டர் தலையை நீட்டினார். "அண்ணே, இதுக்கு டிக்கெட்?"

"நம்ம சொந்தக்காரங்கய்யா," என்றார் அவர். "அவங்களுக்கு பாஸ் இருக்கு."