முழங்கை உயரத்தில் ஒரு ஃபார்வர்டு

இன்று திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு நெட்டையரின் முழங்கை என் உச்சந்தலையில் இடித்தது.

“மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி, கீழ ஆளு நிக்கது தெரியல” என்றார்.

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியிலேயே குள்ளமான ஃபார்வர்டு நான். பெஞ்சிலேயே கிடந்தவனை ஒருநாள் பி.டி. மாஸ்டர் உள்ளே அனுப்பினார்.

“ஏலே, அவனுவ முழங்கை உயரத்துலதான் உன் தலை இருக்கு. கூடைக்குக் கீழ போயி நில்லு. பந்தப் பத்திக் கவலப்படாத.”

போய் நின்றேன். இடி, விசில், ஃபவுல்; யாரும் தடுக்காமல் கூடையில் எறிய எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஐந்து ஃபவுலில் எதிரணி நெட்டையன் வெளியே போனான். அடுத்த மேட்சிலிருந்து முழு ஆட்டமும் நான்தான். வீட்டில் மட்டும் திறமை என்று சொல்லிவைத்திருந்தேன்.

பழக்கதோஷம், இன்றும் தலையைத் தடவிக்கொண்டே விசிலுக்குக் காத்திருந்தேன்.

கண்டக்டர் ஊதினார். ஆழ்வார்திருநகரி ஸ்டாப்.

நெட்டையர் தலை குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

எனக்கு வரவேண்டிய இரண்டு ஃப்ரீ த்ரோவை யாரிடம் கேட்க?