திரையில் திரும்பாத விமானம்

திரையில் புதிதாக ஒரு பச்சைப் புள்ளி முளைத்தால், ஜாஸ்பின் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். கருவேலங்காட்டுக்கு மேலே விமானம் கண்ணில் பட வேண்டும். சத்தமாவது காதில் விழ வேண்டும். அதன் பிறகுதான் பதிவேட்டில் ஒரு சரி போடுவார். இப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. "பொட்டி சொல்லுதுன்னு நானும் எழுதுனா, பெறகு நான் எதுக்கு?" என்பார்.

மல்லாங்கிணற்றுக்கு வெளியே, சோளக்காடுகளுக்கு நடுவில் வேலி போட்ட ஒற்றை அறை அது. கூரைமேல் ஆன்டெனா. விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தாங்களே அறிவிக்கும். இங்குள்ள கருவி அதை வாங்கித் திரையில் காட்டும். அரசாங்கம் வெள்ளோட்டம் பார்க்கும் புதுக் கருவி. தேறினால்தான் விமானங்களை வழிநடத்துபவர்கள் கைக்குப் போகும். அதுவரை அதைக் கண்காணிப்பது ஜாஸ்பினின் ஒப்பந்த வேலை.

நாற்பத்து நான்கு வயது. இதற்கு முன் பதினோரு வருடம் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் தாள் பார்த்தவர். சாமி படத்தில் உதட்டுச் சிவப்பு மயிரிழை விலகியிருந்தாலும் தாளை உருவி ஒதுக்கிவிடுவார். கடைத்தெருச் சுவரொட்டியைப் பார்த்து இன்றும் "மஞ்ச விலகி நிக்குது" என்பார். விமானம் என்ற சொல் அவர் வாயில் வராது. எல்லாம் வண்டிதான். "பத்தரை வண்டிய இன்னும் காணோம்."

அந்தப் பத்தரை வண்டியால்தான் வம்பு வந்தது. ஒரு நாள் அது அவர் தலைக்கு மேலே சரிந்து வடக்கே திரும்பியது. உள்ளே வந்தால், திரையில் புள்ளி நேராக மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் கழித்துச் சட்டென்று வடக்கே தாவியது. மறுநாளும் அப்படியே. ஒன்பது நாள் நேரத்தோடு எழுதிச் சென்னைக்கு அனுப்பினார். கணினிப் பதிவில் குறையேதும் இல்லை என்று பதில் வந்தது.

மாத முடிவில் திட்டப் பொறியாளர் கதிரவன் நேரில் வந்தார். சோதனை முடிந்தது, குறை இல்லை என்ற தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். ஜாஸ்பின் தாளைத் தொடவில்லை. மறுத்தால் ஒப்பந்தம் நீளாது என்று அவருக்குத் தெரியும். கணவருக்கும் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் சீசன் முடிந்து வேலை இல்லாத நேரம்.

"கையெழுத்து இருக்கட்டும் சார். பத்தரைக்கு இன்னும் இருவது நிமிசம் கெடக்கு. செத்த வெளிய வந்து நில்லுங்க."

கதிரவன் வெயிலில் நின்றார். ஜாஸ்பின் திரை முன் உட்கார்ந்தார். சத்தம் நெருங்கியதும், எந்தப் பக்கம் போகிறது என்று உள்ளிருந்து கேட்டார். வடக்கே திரும்பிவிட்டது என்றார் கதிரவன்.

"இங்கன மேக்க போகுது சார்."

கதிரவன் ஓடி வந்து பார்த்தார். கையெழுத்துக் கேட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காரணம் பிறகு தெரிந்தது. திரும்பும்போது விமானம் சரிவதால் சிக்னல் அறுந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடம் கருவி பழைய போக்கை வைத்து ஊகித்துப் புள்ளி போட்டிருக்கிறது. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் ஒரே பச்சை. இப்போது ஊகப் புள்ளி மஞ்சளில் வருகிறது. சோதனை ஆறு மாதம் நீண்டிருக்கிறது, ஜாஸ்பினின் வேலையும்.

போன வாரம் திருத்திய அறிக்கையைக் கதிரவன் கொண்டுவந்து காட்டினார். 'குறையைக் கண்டறிந்தவர்: ஒப்பந்தப் பணியாளர்' என்றிருந்தது. ஜாஸ்பின் அவரிடம் பேனா கேட்டு வாங்கினார். கடைசி இரண்டு சொற்களை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'ஞா. ஜாஸ்பின்' என்று எழுதி, மை காயும்படி ஊதினார்.