எட்டுப் பேருக்கு ஸ்டூல்

அடைக்கலமேரிக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவளுக்கு அது எதற்கு? ஆனாலும் ஏழு நாளின் ராகு காலமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இலுப்பூர் கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் கல்யாணப் பட்டுப் பிரிவுக்கு அவள்தான் மேனேஜர். வேன் பிடித்துப் பட்டு எடுக்க வருகிற சனம் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் கடைப் படியில் கால் வைக்காது.

அந்தப் பிரிவில் அவளுக்குக் கீழே எட்டுப் பெண்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கம் மெத்தை வைத்த ஸ்டூல்கள், பெண்கள் நிற்கிற பக்கம் வெறும் தரை. முதலாளி ரகுநாத்திடம் மேரி மூன்று தடவை ஸ்டூல் கேட்டாள். உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே இருப்பதையும் சொன்னாள்.

"ஆளுங்க உக்காந்திருந்தா யாவாரம் இல்லாத கடைன்னு நெனைப்பாங்க மேரிம்மா."

மூன்று தடவையும் இதே பாட்டுதான். தீபாவளி போனஸைத் தாராளமாகக் கொடுக்கிற மனிதர், இதில் மட்டும் அசைந்து கொடுக்கமாட்டார்.

விற்பனை குறைந்தாலும் மேரிக்குத்தான் ஏச்சு, கால்வலியில் ஒருத்தி வாடிக்கையாளரிடம் சிடுசிடுத்தாலும் மேரிக்குத்தான் ஏச்சு. ஆனாலும் ஒரு கல்யாணப்பெண் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையை விடாமல் இருக்கிறாள்.

விற்பனைப்பெண் ஷர்லிக்கு ஏழாம் மாதம் ஆனபோது மேரி முடிவெடுத்துவிட்டாள். ராகு காலம் பிறந்ததும் எட்டுப் பேரையும் வாடிக்கையாளர் ஸ்டூல்களில் உட்காரச் சொன்னாள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். திங்கட்கிழமை ராகு காலம் கடை திறக்கும் முன்பே முடிந்துவிடுவதில்தான் அவளுக்கு வருத்தம்.

இரண்டே வாரத்தில் ரகுநாத் இதைக் கேமராவில் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு நேரிலேயே வந்து நின்றார். அவர் வாயைத் திறக்குமுன் மணமேல்குடிப் பக்கத்திலிருந்து பதினைந்து பேர் திமுதிமுவென்று படியேறி வந்தார்கள். அவர்கள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்ததும் மேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கெல்லாம் நேரம் பார்த்தவள் தன் சனத்தைக் கணக்கில் எடுக்க மறந்துபோனாள். அவர்களுக்கு ஏது ராகு காலம்?

பெண்கள் பதறி எழுந்து கவுன்ட்டருக்குப் பின்னால் ஓடினார்கள். ஷர்லி மட்டும் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள்.

"நீ உக்காரு தாயி. உக்காந்தே காட்டு. நான் எடுத்துத் தாரேன்."

முதலாளி பார்க்கிறார் என்று தெரிந்தேதான் மேரி சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று அலமாரியிலிருந்து சேலைகளை அவளே இறக்கிக் கொடுத்தாள். கல்யாணப்பெண்ணின் அம்மா ஷர்லிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எத்தனை மாசம்மா?" என்று ஆரம்பித்தார். அதன்பிறகு யாருக்கும் அவசரமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் பதினொரு பட்டுச் சேலை எடுத்துவிட்டார்கள்.

வேன் கிளம்பியதும் ரகுநாத் பக்கத்தில் வந்தார்.

"சரி மேரிம்மா, அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டுக்கங்க."

"எட்டு வேணும் சார்."

"மத்தவங்க நல்லாத்தானே இருக்காங்க? நீங்களும்தான் இத்தனை வருஷமா நிக்கிறீங்க, ஒங்களுக்கு என்ன ஆகிப்போச்சு?"

மேரி குனிந்து சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலுறையைக் கணுக்கால் வரை உருட்டி இறக்கினாள். கெண்டைக்காலில் நரம்புகள் மண்புழு மாதிரி புடைத்துச் சுருண்டு கறுத்துக் கிடந்தன. ரகுநாத் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எட்டு சார்," என்றாள் மறுபடியும்.

திங்கட்கிழமை ஸ்டூல்கள் வந்து இறங்கின. மேரி அவற்றைக் கவுன்ட்டருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டு, பெண்களை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தாள். எட்டும் சரியாக இருந்தது. தனக்கென்று ஒன்று சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்பது கடைசிவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.