உங்க பொண்ணு இன்னா படிக்குது?

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கிறேன். இனி வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களுக்கு முன்னுரிமை, அவற்றை மக்களிடமே கொண்டுபோவோம் என்று எங்கள் நிர்வாகம் அறிவித்து, முதல் கூட்டத்தைச் சித்தூரில் நடத்தியது. வரலாறு தெரியாத ஊருக்குத் தன் உரிமையைக்கூடக் கேட்கத் தெரியாது என்று உரக்கப் பேசினேன். கைதட்டினார்கள்.

நகரியிலிருந்து மகளோடு வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார்.

"சார், எம்பொண்ணு ஹிஸ்டரிதான் படிப்பேன்னு அழுதுகினு கீது. உங்க பொண்ணு இன்னா படிக்குது?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றேன்.

அரங்கமே சிரித்தது. என் மகளும் வரலாறுதான் கேட்டாள், நான்தான் விடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்த அவர் மகள் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜூனில் அந்தப் பெண் என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா ஒத்துக்கினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்க நைனாதான் சண்ட போட்டு சேத்து வுட்டாரு."

நன்றாகப் படி என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.